போகாத கறைதான் நமக்கு வேணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குப் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்துல தீர்மானம் வாசிக்கிறதோட சரி. ஆனா இன்னைக்கு விருந்தினர்களுக்குப் பொன்னாடைக்குப் பதிலா எங்க குழு செஞ்ச இலை அச்சுத் துண்டு போட்டிருக்காங்க. அதனால அது எப்படி வந்துச்சுன்னு ஒரு ஆள் சொல்லித்தான் ஆகணும்னு என்னைத் தள்ளி விட்டுட்டாங்க. நடுவுல உட்கார்ந்திருக்கிற அம்மா தோள்ல இருக்கிறது ஆமணக்கு இலை. ஓரத்துல இருக்கிற ஐயாவுக்குப் போட்டது தேக்கு. அதுல ஒரு இலையில ஓட்டை ஓட்டையா இருக்கும். அது துணி கிழிசல் இல்லை ஐயா, இலையைப் பூச்சி கடிச்சது அப்படியே பதிஞ்சிருக்கு. நாங்க வேணும்னேதான் அந்த இலையை வச்சோம்.

முதல்ல நாங்க நஷ்டப்பட்ட கதையைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம மத்ததைச் சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பயிற்சிக்குப் போனோம். எங்க குழுவுல 12 பேர், அதுல நாலு பேர் போனோம். துணி மேல பச்சை இலையை வச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு, சுத்தியலால தட்டச் சொன்னாங்க. தட்டினா இலையோட சாறு இறங்கி, நரம்பு, விளிம்பு எல்லாம் அச்சு அசலா பதியுது. பச்சைப் பசேல்னு. முருங்கை இலை வச்சுத் தட்டினேன், கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. கடைசியில உப்புத் தண்ணியில அலசினா நிறம் நின்னுடும்னு சொல்லிக் கொடுத்தாங்க. இலை இலவசம், சுத்தியல் வீட்டுல இருக்கு, முதலீடே வேண்டாம்னு சொன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம். ஜப்பான்லகூட இப்படித் தட்டி அச்செடுக்கிற பழக்கம் உண்டாம். தப்பு அந்த முறையில இல்லை. அதை விலைக்கு விக்கப் போனோம் பாருங்க, அதுதான் தப்பு.

வந்த ஒரு மாசத்துலயே ஒரு கல்யாண வீட்டுல தாம்பூலப் பை கேட்டாங்க. 200 பை, ஒண்ணு 60 ரூபாய். 4,000 முன்பணம் கொடுத்தாங்க. குழுவுல 5,000 ரூபாய் உள்கடன் எடுத்து, காடா துணி வாங்கி, பை தைச்சு, ராத்திரி பகலா தட்டினோம். தெருவே எங்களைத் திட்டுச்சு. என்னடி இது, கொல்லன் பட்டறை மாதிரின்னு எங்க மாமியார் கேட்டாங்க. அடுக்கி வச்சு, கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி மூட்டையைப் பிரிச்சா, பச்சை எல்லாம் காய்ஞ்ச வைக்கோல் நிறமா போயிருக்கு. திண்ணையில வெயில் பட்ட மாதிரி வச்சிருந்த மூட்டையில இலை இருந்த இடமே தெரியலை. சாணி தெளிச்ச மாதிரி ஒரு மஞ்சள் திட்டு, அவ்வளவுதான்.

பொண்ணோட அம்மா பையைக் கையில எடுத்துப் பார்த்தாங்க. சத்தம்கூடப் போடலை. "இதை நான் எப்படிம்மா சபையில கொடுக்கிறது?"ன்னு மட்டும் கேட்டாங்க. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பைகளை அப்புறம் காய்கறிப் பைன்னு 20 ரூபாய்க்கும் 15 ரூபாய்க்கும் விட்டோம்.

அடுத்த கூட்டத்துல எங்க குழுவுல பூ கட்டி விக்கிற ஒரு அக்கா எழுந்திரிச்சு, "என் சேமிப்பு ஒண்ணும் இலை இல்லை, வாடிப் போறதுக்கு"ன்னு சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஆனா அவங்க சொன்னதுல தப்பே கிடையாது. முழம் முழமா பூ வித்து, வாரா வாரம் கொண்டாந்து போட்ட காசு அது. மாசம் 500 ரூபாய்னு பத்து மாசம் கட்டி அந்தக் கடனை அடைச்சேன், வட்டி தனி. ஒரு மாசம் கட்ட முடியாம அண்டாவை அடகு வச்சேன். அந்த அண்டா கதை பின்னாடி வருது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பை ஏன் வெளுத்துச்சுன்னு எனக்கு விளங்க வச்சது எங்க மாமியார்தான். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வேட்டியில வாழைக்கறை பட்டுடுச்சு. வாழைத்தார் வெட்டினாலே அப்படித்தான். நான் சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓய்ஞ்சு போச்சு. மாமியார் சொன்னாங்க: "கீரைக் கறை ரெண்டு துவைப்புல போயிடும். வாழைக்கறையும் மாதுளைக்கறையும் வேட்டி கிழியற வரைக்கும் கிடக்கும். நீ எதை வச்சு அச்சடிச்ச? கீரையை வச்சு."

அப்பத்தான் எனக்கு உறைச்சது. இத்தனை வருஷமா நாம துவைக்கிற கல்லுல எந்தக் கறையோட மல்லுக்கட்டித் தோத்துப் போனோமோ, அந்தக் கறைதான் நமக்கு வேணும். போற கறையை வச்சு எப்படி வியாபாரம் பண்றது?

கறையில ரெண்டு விதம். இலையோட பச்சை இருக்கே, அது வெயிலுக்கும் காத்துக்கும் நிக்காது. எந்த உப்புல அலசினாலும் நிக்காது. நிக்கிறது துவர்ப்பு. கடிச்சா நாக்கை இழுத்துப் பிடிக்குதே, கொய்யாத் துளிர், மாதுளைத் தோல், நாட்டு வாதாம் இலை, கடுக்காய், அந்தத் துவர்ப்பு துணியையும் இழுத்துப் பிடிக்கும். அதோட இரும்பு சேர்ந்தா கறுத்துப் போகும். கொடிக்கம்பி துரு பட்ட சேலையில கறை போகாதது எல்லாருக்கும் தெரியும்தானே? அந்தத் துருவும் துவர்ப்பும் சேர்ந்தா இன்னும் மோசம். நமக்கு இன்னும் நல்லது. அந்தக் காலத்துல எழுதற மை காய்ச்சினதே கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தான்.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சது இல்லை. நம்ம திருப்பனந்தாள் பக்கத்துல சிக்கல்நாயக்கன்பேட்டையில கோயிலுக்குத் தொம்பையும் தோரணமும் எழுதற கலம்காரிக்காரங்க இருக்காங்க. கருப்பூர் கலம்காரின்னு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்த வேலைதான். கலம்காரி வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட என் வெளுத்த பையைக் கொண்டு போய்க் காட்டினேன். கையில வாங்கி, முகர்ந்து பார்த்துட்டு, "துணிக்குத் தண்ணி காட்டாம சோறு போட்டிருக்கே"ன்னார். துணி முதல்ல கஞ்சியைக் கக்கணும், அப்புறம் கடுக்காயைக் குடிக்கணும், அதுக்கு மேலதான் நிறம்னு சொன்னார். கலம்காரியில எழுதற மை பரவாம இருக்கக் கடுக்காயோட எருமைப் பாலும் சேர்ப்பாங்க. நமக்கு அது தேவையில்லை.

வெளிநாட்டுல இதை ஈகோ பிரிண்ட்னு சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு அம்மா, பேரு இந்தியா ஃப்ளின்ட், இலையைத் துணியில சுருட்டி வேக வச்சு அச்செடுக்கிறதைப் பத்தி 2008-லேயே புத்தகம் போட்டிருக்காங்க. பேர்லயே இந்தியா! என் மகள் போன்ல காட்டினப்ப நான் முதல்ல நம்பலை.

இப்ப செய்முறை. நோட்டு வச்சிருக்கிறவங்க எழுதிக்கலாம். நான் ஒரு கிலோ துணிக்குக் கணக்குச் சொல்றேன். நனைக்கிறதுக்கு முன்னாடி துணியைக் காய்ஞ்சபடியே எடை போட்டுக்குங்க. பருத்தித் துணியா இருக்கணும். பாலியஸ்டர் கலந்ததுல வராது. சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு நூலை உருவி நெருப்புல காட்டுங்க. காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பல் ஆனா பருத்தி. உருகி மணி மாதிரி சுருண்டா வேண்டாம்.

முதல் வேலை கஞ்சி எடுக்கிறது. தண்ணியில சலவைச் சோடா ரெண்டு கைப்பிடி போட்டு, துணியை ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்க. ஆப்ப சோடா இல்லை, சலவைச் சோடா. புதுக் காடா துணியில இருந்து டீத்தண்ணி மாதிரி இறங்கும். பார்த்தா நமக்கே ஆச்சரியமா இருக்கும், இவ்வளவு அழுக்கா வெள்ளைத் துணிக்குள்ளன்னு. நல்லா அலசிக் காய வச்சு, ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. சொட்டு விழுந்த உடனே உள்ளே போகணும். முத்து மாதிரி மேலயே நின்னா திரும்பக் கொதிக்க வைக்கணும். சலிச்சுக்காதீங்க. பத்துத் துணி கெட்டுப் போனா எட்டுக்குக் காரணம் இங்கதான் இருக்கும்.

ரெண்டாவது, கடுக்காய். கொட்டையை நீக்கித் தோலை மட்டும் பொடிச்சது 150-லிருந்து 200 கிராம். வெந்நீர்ல கரைச்சு, துணி தாராளமா முங்கற அளவு தண்ணி சேர்த்து, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில பிழிஞ்சு நிழல்ல காய வையுங்க, அலச வேண்டாம். துணி இளமஞ்சளா இருக்கும். அடுத்து படிகாரம் 150 கிராம், அதையும் வெந்நீர்ல கரைச்சு ஒரு ராத்திரி. படிகாரம் முகம் மழிக்கிற கடையில வைக்கிற கல்லுதான், நாட்டு மருந்துக் கடையில கிலோ கணக்கில கிடைக்கும். பிழிஞ்சு, லேசா ஒரு அலசு அலசிடுங்க.

இதுலயே மூணு நாள் போயிடும். இலையை இன்னும் தொடவே இல்லை, கவனிச்சீங்களா?

நாலாம் நாள் இலை. ஒரு லிட்டர் தண்ணியில ஒரு சின்ன ஸ்பூன் அன்னபேதி கரைச்சு வச்சுக்குங்க. அதுக்கு மேல போட்டா நல்லாக் கறுக்கும்னு கை நீளும். நீள விடாதீங்க. இரும்பு அதிகமானா துணி நாளடைவுல இத்துப் போகும். எங்க முதல் துப்பட்டா ஒண்ணு ஆறு மாசத்துல இலை இருந்த இடம் மட்டும் ஓட்டை விழுந்து வந்துச்சு. அன்னபேதித் தண்ணி குழந்தைங்க வாயில படக்கூடாது, விஷம். கையுறை போட்டுக்குங்க. பாட்டில்ல ஊத்தி வச்சா மேல பெருசா எழுதி ஒட்டி, பரண்ல வையுங்க. தண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தாதீங்க.

இலையை அந்தத் தண்ணியில முக்கி, ஒத்தி எடுத்து, நரம்பு புடைச்ச அடிப்பக்கம் துணியில படற மாதிரி அடுக்குங்க. தேக்கை மட்டும் அன்னபேதியில முக்காம அப்படியே வையுங்க, முக்கினா சிவப்பு செத்துப் போகும். அடுக்கினதும் மேல இன்னொரு துணி போட்டு, மூங்கில் கழியில இறுக்கமா சுருட்டி, நூலால வரிஞ்சு கட்டணும். இறுக்கம்தான் எல்லாம். இலைக்கும் துணிக்கும் நடுவுல காத்து இருந்தா அங்க அச்சு இருக்காது. எனக்குக் கட்டு எப்பவும் தளர்ந்துதான் போச்சு. அப்பத்தான் அந்தப் பூ கட்டற அக்கா ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்தவங்க, "கொண்டா இங்க"ன்னு பிடுங்கிக் கட்டினாங்க. முப்பது வருஷமா நார்ல முடிச்சுப் போட்ட விரல். இன்னைக்கு வரைக்கும் எங்க குழுவுல எல்லாக் கட்டும் அவங்க கட்டுறதுதான். கடனைப் பத்திச் சொன்ன வார்த்தையை அவங்களும் திரும்ப எடுத்துக்கலை, நானும் கேட்டுக்கலை.

கட்டினதை ஆவியில ரெண்டு மணி நேரம் வேக வைக்கணும். இங்கதான் அண்டா. அடகுல இருந்து மீட்ட அண்டாவுல தட்டு போட்டு, அடியில தண்ணி விட்டு, மேல சுருளை அடுக்கி மூடிடுவேன். இட்லி வைக்கிற மாதிரியேதான். ஆனா அந்த அண்டா இனி சமையலுக்குக் கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்றேன். பாத்திரம், கரண்டி, வடிகட்டி எல்லாம் தனியா இருக்கணும். பழைய இரும்புக் கடையில நசுங்கின அண்டா கிடைக்கும், அதை வாங்குங்க, சீர் அண்டாவை எடுக்காதீங்க. எங்க அம்மா கொடுத்த அண்டா அது. எங்க மாமியார் அதுக்காக என்னோட ஒரு வாரம் பேசலை.

வெந்ததும் உடனே பிரிக்கத் தோணும். ஆறட்டும். மறுநாள் காலையில பிரியுங்க. பிரிக்கிறப்ப எங்க குழுவுல பிள்ளைங்க உட்பட எல்லாரும் சுத்தி நிப்போம். என்ன வரும்னு செஞ்சவங்களுக்கே தெரியாது. பிரிச்சு, இலையை உதிர்த்து, நிழல்ல காய வச்சு, ஒரு வாரம் தண்ணி காட்டாம வைக்கணும். அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசணும்.

எந்த இலைன்னு கேப்பீங்க. தேக்கு இளந்துளிரைக் கையில கசக்கினா ரத்தம் மாதிரி சிவக்கும், சின்னப் பிள்ளையில எல்லாரும் விளையாடினதுதான். அது துணியில கத்திரிப்பூ நிறமாவும் வரும், செங்கல் நிறமாவும் வரும். நம்ம வாய்க்கால் கரையில நிக்கிற தேக்கு அரசு மரம், ஒடிக்காதீங்க. கொல்லையில வச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டு வாங்குங்க. அதுவும் பங்குனியில கேட்டா மொட்டை மரம்தான் இருக்கும். மழை பெய்ஞ்சு துளிர்க்கிறப்பதான் நல்ல சிவப்பு. அதனால தேக்குத் துண்டு எப்ப வேணும்னாலும் தர்றோம்னு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. ஆமணக்கு இலை விரிச்ச கை மாதிரி தெளிவா விழும். கொய்யா, நாட்டு வாதாம், ரோஜாச் செடி இலை மூணும் அன்னபேதியோட சாம்பலும் கறுப்புமா வரும். தைல மர இலை காபி நிறம். துலுக்கச் சாமந்தி இதழைத் தூவினா மஞ்சள். சாமி மாலையில வாடினதே போதும். அரளி, எருக்கு, கள்ளி இதெல்லாம் அண்டாப் பக்கமே கொண்டு போகாதீங்க. அந்த ஆவியை நாமதான் சுவாசிக்கணும்.

இனி காசு. இலை இலவசம்னு சொன்னவங்க நம்ம கையையும் இலவசம்னு நினைச்சுட்டாங்க. நாங்களும்தான் அப்படி நினைச்சோம். ரெண்டு மீட்டர் துண்டுக்குத் துணி 160 ரூபாய், கடுக்காய், படிகாரம் எல்லாம் 20, அடுப்புக்கு 20. ஆக 200. முதல்ல 250-க்கு வித்தோம். 50 ரூபாய் லாபம்னு சந்தோஷம். அப்புறம் எங்க ஊக்குநர்தான் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறிச்சாங்க. நாலு நாள்ல பிரிச்சுப் பிரிச்சு ஒரு துண்டுக்கு மூணு மணி நேரம் கை வேலை. மூணு மணி நேரத்துக்கு 50 ரூபாய்! நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலே இதைவிட நல்ல கூலி கிடைச்சிருக்கும். இப்ப 420 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். கண்காட்சியில ஒருத்தர், "கறை பட்ட துணிக்கு 420-ஆ?"ன்னு கேட்டார். ஆமாங்க, கறைக்குத்தான் காசு, துணி 160-தான்னு சொன்னேன். வாங்கலை. போகட்டும்.

விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்றோம். இதைத் தீர்மான நோட்டுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஒவ்வொரு தடவை அண்டா இறக்கினதும், அதே இலை வச்ச ஒரு துண்டுத் துணியை ரெண்டா வெட்டுவோம். ஒரு பாதி ஜன்னல்ல வெயில் படற இடத்துல 15 நாள். இன்னொரு பாதி பீரோவுக்குள்ள. அப்புறம் வெயில்ல இருந்ததை அஞ்சு தடவை துவைச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். ரொம்ப வித்தியாசம் தெரிஞ்சா அந்தச் சரக்கை விக்கிறதில்லை, நாங்களே கட்டிக்குவோம். அதனாலதான் எங்க குழுவுல எல்லார் வீட்டுலயும் வெளுத்த தலையணை உறையா இருக்கும்.

போன வருஷம் கண்காட்சிக்கு அந்தக் கல்யாணப் பொண்ணோட அம்மா வந்தாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. துண்டைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது வெளுக்குமா?"ன்னு கேட்டாங்க. கொஞ்சம் வெளுக்கும்மா, தேக்கோட சிவப்பு நாளாக ஆக மங்கும், கறுப்பு நிக்கும்னு உள்ளதைச் சொல்லி, அந்த ரெண்டு பாதித் துணியையும் எடுத்துக் காட்டினேன். ரெண்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணும் வாங்கலை. போறப்ப, "இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமே"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

கத்துக்கணும்னு நினைக்கிறவங்க எங்க குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு வரலாம். பல தடவை துவைச்ச பழைய பருத்தி வேட்டி ஒண்ணு கொண்டு வாங்க. பழசுல கஞ்சி எல்லாம் போயிருக்கும், கை பழகறதுக்கு அதுதான் நல்லது. உங்க கொல்லையில என்ன இலை இருக்கோ அதைக் கொண்டு வாங்க, எது பதியுதுன்னு சேர்ந்து பார்ப்போம். கடன் எதுவும் எடுக்க வேண்டாம், முதல் ஆறு மாசம் ஆர்டரும் எடுக்க வேண்டாம்.

மேடையில துண்டு போட்டிருக்கிறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். மிஷின்ல போடாதீங்க, சோப்புத்தூள் வேண்டாம், நிழல்ல உலர்த்துங்க. முக்கியமா, இப்ப மதியச் சாப்பாட்டுல எலுமிச்சம்பழச் சாதம் இருக்கு. புளிப்பு பட்டா அந்த இடத்துல கறுப்பு கரைஞ்சு இலை காணாமப் போயிடும். சாப்பிடறப்ப துண்டைக் கழட்டி மடிச்சு வச்சுடுங்க.